குந்தவை சொன்ன பிறகு அறுக்கவும்

நான் அறுவடை மெஷின் புரோக்கர். பெயர் காதர் மைதீன். தை பிறந்தால் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து மெஷின்கள் எங்கள் வலங்கைமான் பக்கம் வந்து இறங்கும். யார் வயல் பழுத்திருக்கிறது என்று பார்த்து, வரிசை போட்டு, வண்டியை வயலில் இறக்கிவிடுவது என் பிழைப்பு. பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. பழுத்த நெல் மஞ்சளாக இருக்கும், தலை தொங்கும், அறுத்துவிட வேண்டும். இது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், தஞ்சாவூரில் இருக்கிற காவிரிப் படுகை நீடித்த உணவு உற்பத்தி உயராய்வு மையத்துக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அவர்கள் செய்த காரியத்தைத்தான் சொல்லப் போகிறேன். நடுவில் எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மையம் என்றால் சும்மா இல்லை. பைபாஸ் ஓரமாக, முப்போகம் விளைந்த நிலத்தை மண்ணடித்து மேடாக்கி, அதன் மேல் கண்ணாடிக் கட்டடம். உள்ளே போனால் குளிரில் பல் தந்தியடிக்கும். வாசலில் 'விளைநிலம் காப்போம்' என்று கிரானைட்டில் பொறித்திருக்கும். அங்கே எல்லாவற்றுக்கும் சோழர் காலத்துப் பெயர்தான். பம்புசெட்டுக்கு ராஜேந்திரன். மருந்தடிக்கிற டிரோனுக்கு ஆதித்தன். கழிவறைக்கு மட்டும் இன்னும் பெயர் வைக்கவில்லை, அதற்குக் குழு போட்டிருக்கிறார்கள்.

அவர்களுக்கு ஒரு மாதிரி வயல் தேவைப்பட்டது. இயக்குநர் முனைவர் ராஜ்குமார் மூன்று காரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார். கூடவே ஷோபனா என்று ஓர் இளம் விஞ்ஞானி. அந்தப் பெண் கையில் மண் எடுக்கிற குழாயோடு இறங்கியது. இயக்குநர் அதைப் பார்க்கவே இல்லை.

"ரோட்டோரமா இருக்கணும். பஸ் வந்தா திரும்பணும். போட்டோ எடுத்தா பின்னாடி கோபுரம் தெரியணும்" என்றார்.

"சார், மண்ணு டெஸ்ட் பண்ணலியே" என்றது ஷோபனா.

"மண்ண எப்ப வேணா எடுத்துக்கலாம்மா. கோபுரத்த எடுத்துட்டு வர முடியுமா?"

அப்படிக் கோபுரம் தெரிகிற வயல் பஞ்சநதம் அண்ணனுடையது. மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். அவருக்குச் சொந்தமென்று இருப்பது அது ஒன்றுதான். கோயில் நிலம் குத்தகைக்குப் பார்க்கிறார், அதில் விளைவது குத்தகைக்கும் மற்ற செலவுக்கும் போய்விடும். ரோட்டோர வயலில் விளைவதுதான் வீட்டுக்குச் சோறு. அண்ணன், அகிலாண்டம் அண்ணி, அண்ணனின் அம்மா, இரண்டு பெண்கள், வருஷம் முழுக்க அந்த ஐந்து வயிற்றுக்கும் இந்த மூன்று மா. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மையத்தில் ஒருவரும் வைத்துக்கொள்ளவில்லை.

பஞ்சநதம் அண்ணன் சாது. யாராவது 'வாங்க, உக்காருங்க' என்று சொல்லிவிட்டால் உருகிவிடுவார். அவரைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய் மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தி, 'முன்னோடி விவசாயி' என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள். மனிதர் பஸ்ஸில் வரும்போதும் அதைக் கழற்றவில்லை.

அண்ணி வாசலிலேயே நிறுத்திக் கேட்டது: "போத்திக்கிட்டு வந்துட்டீங்க, சரி. என்னத்தக் குடுத்துட்டு வந்தீங்க?"

"ஒண்ணுமில்ல அகிலாண்டம். நம்ம வயலுதான், நம்ம நெல்லுதான். அறுப்பு மட்டும் விழாவா வைப்பாங்களாம். டெல்லியிலேருந்து பெரியவரு வந்து முதல் கதிர அறுப்பாராம்."

"அவரு வர்ற வரைக்கும் நெல்லு காத்துக்கிட்டு இருக்குமாமா?"

அண்ணன் பொன்னாடையை மடித்து வைத்தார்.

நட்ட கொஞ்ச நாளில் வயலில் ஒரு கம்பம் வந்தது. அதன் உச்சியில் ஒரு பெட்டி, அடியில் மண்ணுக்குள் இறங்கும் ஒயர். பெயர் குந்தவை. பயிருக்கு என்ன வேண்டும் என்று குந்தவை கண்டுபிடித்து விவசாயிக்குப் போன் போட்டுச் சொல்லுமாம். கம்பத்துக்குச் சிமெண்டு மேடை, மேடையைச் சுற்றி டைல்ஸ், பக்கத்தில் வீடு உயரத்துக்கு ஒரு பலகை. இதற்கே ஒரு நாற்றங்கால் அளவு இடம் போய்விட்டது. கம்பத்துக்குத் திறப்பு விழா நடந்தது. நடவு முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தும், திறப்பு விழாத் தேதியையே நடவுத் தேதியாகக் கணினியில் ஏற்றினார்கள். இயக்குநர் கையால் தொடங்காதது எதுவும் தொடங்கியதாகக் கணக்கில்லையாம்.

கார்த்திகையில் அடைமழை. வயலில் வரப்பு தெரியாமல் தண்ணீர் நிற்கிறது. அண்ணன் மடையை வெட்டி வடிய விட்டுக்கொண்டிருக்கிறார். போன் அடித்தது. "வணக்கம், பஞ்சநதம் அவர்களே. உங்கள் பயிர் தாகமாக இருக்கிறது. உடனே நீர் பாய்ச்சவும்." இனிமையான குரல்.

அண்ணன் ஷோபனாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்தப் பெண் வந்து பார்த்துவிட்டு, "மேடையில ஓட்டை போட்டு ஒயர டைல்ஸுக்கு அடியில விட்டிருக்காங்க, அங்க வயல் தண்ணி ஏறாது" என்றது. மாற்ற வேண்டுமானால் டைல்ஸை உடைக்க வேண்டும். டைல்ஸை உடைக்க இயக்குநர் கையெழுத்து வேண்டும். இயக்குநர் அப்போது தண்ணீர் சிக்கனம் பற்றிப் பேச வெளிநாடு போயிருந்தார். குந்தவை மணிக்கொருதரம் கூப்பிட்டது. கடைசியில் அண்ணன் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, ஒரு குடம் தண்ணீரை எடுத்து டைல்ஸ் மேல் அந்த ஓட்டையில் ஊற்றினார். போன் வந்தது. "நன்றி. உங்கள் பயிர் இப்போது மகிழ்ச்சியாக இருக்கிறது."

அன்றிலிருந்து தினமும் ஒரு குடம். ரோட்டில் போகிறவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இருந்தாலும் நெல் விளைந்தது. விஞ்ஞானத்தைத் தாண்டியும் விளைந்தது. தையில் எங்கள் ஊர் முழுக்க மஞ்சள். நான் மெஷினை இறக்கினேன். வரிசையாக எல்லா வயலும் அறுத்து, கடைசியாகப் பஞ்சநதம் அண்ணன் வயல் ஓரத்தில் வண்டியை நிறுத்தினேன்.

"அண்ணே, வண்டி இன்னிக்கு இங்க நிக்குது. நாளைக்கு ஒரத்தநாடு போயிடும். போனா திரும்பாது. இறக்கிடவா?"

அண்ணன் என்னையும் வயலையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணி நெல் கொட்டப் படுதாவோடு வந்து நின்றுவிட்டது. "இறக்குங்க பாய், நான் சொல்றேன்" என்றது.

டிரைவர் சாவியைத் திருகுவதற்குள் ஷோபனா ஸ்கூட்டியில் பறந்து வந்தது. பின்னாலேயே இயக்குநரின் கார்.

"பஞ்சநதம், என்ன இது? குந்தவை என்ன சொல்லுது?"

"பால் புடிக்கிற பருவம்னு சொல்லுதுங்க சார். ஆனா பழுத்துருச்சுங்களே."

இயக்குநர் வயலை நன்றாகப் பார்த்தார். "பழுத்துருச்சுதான். எனக்கென்ன கண்ணு தெரியலியா? ஆனா திறப்பு விழாத் தேதிப்படி ரெக்கார்டுல இன்னும் பால் புடிக்குதே. இப்ப அறுத்தா பச்சை நெல்ல அறுத்ததா ஆயிடும். மையத்தோட பேரு என்ன ஆகறது?"

"சார், வீட்டுக்குச் சோத்துக்கு உள்ள நெல்லு" என்றது அண்ணி.

"அம்மா, நெல்லு உங்களுதுதான். யாரு இல்லேன்னா? ஆனா அது நிக்கிது பாருங்க, அந்த நிக்கிறது எங்களுது. அது டேட்டா. அதுல கை வெச்சா ஆராய்ச்சியச் சேதப்படுத்தினதா கேஸ் ஆகும். உங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டிருக்காரு."

எனக்கு வந்த ஆத்திரத்தில், "ஏன் சார், டேட்டாவ ஒலையில போட்டாப் பொங்குமா?" என்று கேட்டுவிட்டேன். இயக்குநர் என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார். புரோக்கர் என்றேன். "விவசாயிய இடைத்தரகர்தான் கெடுக்கறது" என்று ஷோபனாவிடம் சொன்னார். அந்தப் பெண் அதைக் குறித்துக்கொண்டது, பாவம், வேறு என்ன செய்யும்.

மெஷின் ஒரத்தநாடு போனது.

டெல்லிப் பெரியவர் மையத்தின் தலைமை ஆலோசகர். அவர் ஒரு தேதி கொடுத்தார். அந்தத் தேதியில் பசி ஒழிப்பு மாநாடு வந்துவிட்டது, ஏழு நட்சத்திர ஓட்டலில். அடுத்த தேதி அஷ்டமி. நீடித்த உணவு உற்பத்திக்கு அஷ்டமி ஆகாது என்று மையத்திலேயே சொல்லிவிட்டார்கள். அதற்கடுத்த தேதிக்குள் மழை வந்தது.

தையில் பெய்யக்கூடாத மழை. விடாமல் பெய்தது. பழுத்துத் தலை கனத்துக் கிடந்த பயிர் அப்படியே தண்ணீரில் படுத்துவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது அண்ணன் குடையை மூடிக் கையில் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றார். "படுத்துருச்சு பாய்" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாகக் கெட்ட வார்த்தையும் வந்தது.

விஷயம் தெரிந்து மையம் கதிகலங்கிப் போனது. பயிர் போனதற்கு இல்லை, விழாவுக்குப் பயிர் நிற்காதே என்று. அவசரக் கூட்டம் போட்டு 'எழுந்து நிற்கும் பயிர் இயக்கம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். லாரியில் மூங்கில் குச்சி வந்தது, பச்சை நூல்கண்டு வந்தது. ரோட்டைப் பார்த்த பக்கம் மட்டும் படுத்த பயிரைத் தூக்கிக் குச்சியில் கட்டினார்கள்.

"உள்பக்கம் சார்?" என்று ஷோபனா கேட்டது.

"உள்ள படுத்திருந்தா பரவால்ல. உள்ள யாரு போகப் போறா?"

அந்த உள்பக்கம்தான் அண்ணி போனது. மழை விட்டு வெயில் வந்திருந்தது. படுத்த கதிரில் பாதி முளைத்துவிட்டது. வெள்ளை வெள்ளையாகப் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அண்ணி சேற்றில் குனிந்து தேறியதையும் தேறாததையும் கையாலேயே கொய்து, அடித்து, அவித்து, தெருவில் காயவைத்தது. நான்தான் என் வண்டியில் மில்லுக்குக் கொண்டுபோனேன். மில்காரர் பிடித்துப் பார்த்துவிட்டு, "கோழிக்கா பாய்?" என்று கேட்டார். வீட்டுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. அரிசி எல்லாம் நொறுங்கிக் குருணையாக, பழுப்பு நிறத்தில், ஊறிய கோணிச்சாக்கு நாற்றத்தோடு வந்தது.

விழா நாள். நிகழ்ச்சி நிரலில் இரண்டு முக்கியம். ஒன்று, முதல் கதிர் அறுப்பு. இரண்டு, புதிர் உண்ணல். புது நெல்லைப் பொங்கி முதல் வாய் சாப்பிடுவதைத்தான் எங்கள் பக்கம் புதிர் என்போம். யாரோ இதைப் போய்ச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், பாரம்பரியம் என்றதும் பிடித்துக்கொண்டார்கள்.

அறுப்புக்கு அரிவாள் வேண்டும். ஊரில் புல் அறுக்கிற அரிவாள் எல்லாம் துருப்பிடித்துக் கிடந்தது, போட்டோவுக்கு ஆகாது. கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் சொல்லிப் பித்தளையில் ஒன்று செய்து வந்தார்கள். தகதகவென்று இருந்தது. வெண்ணெயைக்கூட வெட்டாது. அதனால் நான்கு கதிரை முன்கூட்டியே அறுத்து, சேற்றில் மறுபடி செருகி வைத்தார்கள்.

புதிருக்கும் ஏற்பாடு இருந்தது. ஷோபனா முதல் நாளே வந்து ஒரு பை உயர்ந்த ரக அரிசியை அண்ணியிடம் கொடுத்து, "இதப் பொங்கி வெச்சுடுங்கம்மா. இந்த வயல் அரிசின்னு சொல்லிக்கலாம்னு சார் சொன்னாரு" என்றது, தரையைப் பார்த்துக்கொண்டே.

"அதுக்கென்னம்மா, பொங்கிட்டாப் போச்சு" என்றது அண்ணி.

விழாவில் இயக்குநர் பேசினார். "விவசாயிகளுக்கு அவசரம் ஜாஸ்தி. விளைஞ்சா உடனே அறுக்கணுங்கறாங்க. நாங்க அந்த மனநிலைய மாத்தியிருக்கோம். இந்த வயல்ல அறுவடைக்கு அவசரமே படல!" கைதட்டல். அண்ணன் முன்வரிசையில் இன்னொரு பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார். எப்போது கைதட்ட வேண்டும் என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பார்த்துத் தட்டினார்.

பிறகு ஆலோசகர். நல்ல சிவப்பு, நல்ல செண்டு வாசனை. "நான் டெல்லியில இருந்தாலும் மனசு டெல்டாவுலதான். உணவுப் பாதுகாப்புங்கறது உணவு சம்பந்தப்பட்ட விஷயம்னு பலபேரு தப்பா நினைக்கறாங்க. அது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது" என்றார். இதை அர்த்தம் பிரித்துச் சொல்ல என்னிடம் கேட்காதீர்கள்.

பித்தளை அரிவாளை வாங்கிக்கொண்டு வரப்பில் விரித்த சிவப்புக் கம்பளத்தில் நடந்தார். செருகி வைத்த கதிரில் அரிவாளை வைத்ததும் அது தானாகவே கையோடு வந்துவிட்டது. காமிராக்கள் மின்னின. அந்த நேரம் பார்த்து அவர் கண் கதிரில் பட்டது.

"இது என்ன, நெல்லுல வேரு மாதிரி?"

ஒரு நிமிஷம் எல்லோருக்கும் மூச்சு நின்றது. இயக்குநருக்கு மட்டும் நிற்கவில்லை.

"சார், அதுதான் எங்க அடுத்த கட்டம். செடியிலயே முளைப்பு. விதைக்க வேண்டாம், நாத்து விட வேண்டாம். போகத்துக்குப் போகம் இடைவெளியே கிடையாது."

"பிரமாதம். எழுதி அனுப்புங்க."

அடுத்தது புதிர். வாழையிலை போட்டு மேஜை. அண்ணி பானையைத் தூக்கி வந்து வைத்தது. மூடியைத் திறக்க ஷோபனா கை வைத்தது. கொஞ்சம் திறந்ததுமே வாடை வந்தது. அந்தப் பெண் அண்ணியின் முகத்தைப் பார்த்தது. அண்ணியும் பார்த்தது. ஷோபனா ஒன்றும் சொல்லாமல் மூடியை எடுத்துக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டது. அந்த ஒரு காரியத்துக்காக அந்தப் பெண்ணை மன்னித்துவிட்டேன்.

"நான் அரிசிய விட்டு ரொம்ப வருஷமாச்சு. சுகருக்கு ஆகாது" என்றார் ஆலோசகர்.

"ஒரே ஒரு வாய் சார், போட்டோவுக்கு" என்றார் இயக்குநர். அண்ணி அள்ளி இலையில் வைத்தது. பழுப்பாக, களி மாதிரி அமுங்கி உட்கார்ந்தது. ஆலோசகர் காமிராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வாயில் போட்டார். சிரிப்பு அப்படியே நின்றது. துப்பவும் முடியாது, டிவிக்காரன் மைக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

"எப்படி சார் இருக்கு?"

கண்ணில் தண்ணீர் வர விழுங்கினார். "மண்ணோட மணம் இருக்கு."

ஆலோசகரே சாப்பிட்டால் மற்றவர்கள் சாப்பிடாமல் இருக்க முடியுமா? இயக்குநர் ஒரு வாய். துணை இயக்குநர்கள் வரிசையாக ஒவ்வொரு வாய். "பாரம்பரியச் சுவை" என்றார் ஒருவர், கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு. "நார்ச்சத்து தெரியுது" என்றார் இன்னொருவர். எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அல்லா என்னை மன்னிக்கட்டும், என் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷம் பட்டதில்லை.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா சார்?" என்று அண்ணி இயக்குநரைக் கேட்டது.

"போதும்மா, போதும், வயிறு நெறைஞ்சுருச்சு." அவருக்கு அண்ணி செய்த காரியம் புரிந்துவிட்டது. புரிந்தும் என்ன, காமிரா இருக்கிறதே. திரும்பிக் காமிராவைப் பார்த்து, அண்ணியின் தோளுக்குமேல் கையை நீட்டி, உரத்த குரலில் சொன்னார்: "இது ஏதோ விழாவுக்குப் பொங்கின சோறுன்னு நினைக்காதீங்க சார். இந்தக் குடும்பம் வருஷம் முழுக்க இதைத்தான் சாப்பிடப் போகுது!"

பலத்த கைதட்டல். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த என் வாய் மூடிக்கொண்டது. அந்த ஆள் அன்றைக்குச் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

கார்கள் கிளம்பின. சாப்பாடு ஓட்டலில், சப்பாத்தியாம். மூங்கில் குச்சிகளை அவிழ்த்து லாரியில் ஏற்றினார்கள், அடுத்த ஊருக்கு வேண்டுமாம். குச்சி போனதும் ரோட்டுப் பக்கத்துப் பயிரும் படுத்தது.

அண்ணன் பொன்னாடையைத் தோளில் போட்டபடியே பானைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அண்ணி தட்டில் போட்டுக் கொடுத்தது. ஷோபனா கொடுத்த உயர்ந்த ரக அரிசிப் பை பிரிக்காமல் இயக்குநர் காரிலேயே திரும்பிப் போயிருந்தது, அண்ணிதான் தூக்கிக் காருக்குள் வைத்தது. அண்ணன் ஒரு வாய் போட்டார். முகத்தைச் சுளிக்கவில்லை. மென்றுகொண்டே இருந்தார்.

போன் அடித்தது. கை சோறாக இருந்ததால் இடது கையால் எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார்.

"வணக்கம், பஞ்சநதம் அவர்களே. மகிழ்ச்சியான செய்தி. உங்கள் பயிர் அறுவடைக்குத் தயாராகிவிட்டது. இன்றே அறுக்கவும்."

அண்ணன் மெல்வதை நிறுத்தினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். உண்மையாகவே, வெள்ளை மனசோடு கேட்டார்: "பாய், மெஷினு கிடைக்குமா?"

 அண்ணி பானையை மூடி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டது.

"மொதல்ல தட்டுல இருக்கறத சாப்பிட்டு முடிங்க" என்றது.